வழிகாட்டி இல்லாத முகாம்

நம் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் வாக்களிக்காமல் இருப்பது நான் ஒருத்திதான் என்று நேற்றும் ஒரு நினைவூட்டல் வந்தது. எட்டுப் பேரில் ஏழு பேர் கையைத் தூக்கிவிட்டீர்கள். நான்கு பேருக்கு வழிகாட்டி வேண்டாம், மூன்று பேருக்கு வேண்டும். படித்துவிட்டுப் பதில் போடாமல் இருக்கிறாளே, இவள் என்ன மகாராணியா என்று கோயம்புத்தூர்க்காரி கோபித்துக்கொண்டாள். மகாராணி இல்லை. பர் துபாயில் ஒரு பழைய ஃபிளாட்டில், முழங்கால் வலிக்குத் தைலம் தடவிக்கொண்டு, என்ன எழுதுவது என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி என்னமோ சின்னதுதான். குவைத்தில், ஃபர்வானியாவில் நம்மோடு ஒரே பள்ளிப் பேருந்தில் ஏறிய மேல்மாடிக்காரி, இப்போது கனடாவில் இருப்பவள், புருஷனோடும் இரண்டு மகன்களோடும் மலைக்காட்டுக்குள் எல்க் மான் வேட்டைக்குப் போகிறாள். அதில் இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்றில் வழிகாட்டி கூடவே இருப்பார், மான் எங்கே மேயும், காற்று எந்தப் பக்கம் என்று சொல்லிச் சொல்லிக் கூட்டிப்போவார். மற்றதில் குதிரையில் கொண்டுபோய் விடுவார்கள். கூடாரம், அடுப்பு, வெட்டிய விறகு எல்லாம் தயாராக இருக்கும். விட்டுவிட்டு ஏழாம் நாள்தான் திரும்பி வருவார்கள். இடையில் நீங்களாயிற்று, காடாயிற்று. எது நல்லது என்று நம்மைக் கேட்டாள்.

கேட்டதோடு விட்டிருந்தால் நானும் ஏதாவது ஒன்றை அமுக்கிவிட்டுப் போயிருப்பேன். கீழே இன்னொரு வரி எழுதியிருந்தாள். "எங்கட பரம்பரை வழி தவறுற பரம்பரையடி. நான் ஹைவேயில ஒரு எக்ஸிட்டை விட்டாலும் பெடியள் 'அம்மப்பா மாதிரி' எண்டுதான் சொல்லுறாங்கள்." ஐந்து சிரிப்பு முகம். நீங்களும் சிரித்தீர்கள். நானும் ஒரு சிரிப்பு முகம் போட்டேன். போட்டுவிட்டு அலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்த அம்மப்பா எனக்கு மாமா. சொந்தமில்லை, மேல்மாடி மாமா. குளிரூட்டிக் கம்பெனி ஒன்றில் கிளார்க். யாழ்ப்பாண டவுனில் பிறந்து வளர்ந்தவர். சப்பாத்துக் கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டுவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய நோட்டும் அரைப் பென்சிலும் இருக்கும். யாராவது உருப்படியாக ஒன்றைச் சொன்னால் குறித்துக்கொள்வார். கோழிக்கு எவ்வளவு நேரம் மசாலா ஊறவேண்டும் என்று என் அம்மா சொன்னதைக்கூடக் குறித்துக்கொண்டவர். மூச்சிழுப்பு இருந்தது. தூசி கொஞ்சம் அதிகமென்றால் நெஞ்சில் பூனை கத்தும்.

என் அப்பா வன்னிக்காரர். எங்கள் கஃபீலின், அதாவது விசா தந்த அரபி முதலாளியின், கராஜில் ஸ்டோர் கீப்பர். வேலை முழுக்க நட்டும் போல்டும்தான், ஆனால் வாயைத் திறந்தால் காடு. மரை, பன்றி, உடும்பு. குவைத்துக்கு வந்து அதில் எதுவும் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்குப் பாலைவனத்து முள்வால் உடும்பு கிடைத்தது பெரிய சமாதானம். நம்மூர் உடும்புக்குச் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டையாக, தடித்து, வாலில் மட்டும் முள்ளு முள்ளாக இருக்கும். குளிர் முழுக்க வளைக்குள் தூங்கிவிட்டு மார்ச்சில் வெயில் காய வெளியே வரும். அந்தச் சமயம் பாலைவனத்தில் கூடாரம் போடும் பருவமும் முடியவில்லை. ஆகவே வருடத்துக்கு இரண்டு மூன்று வெள்ளிக்கிழமைகள் எங்களுக்கு வேட்டை முகாம்.

முதல் இரண்டு வருடமும் வழிகாட்டி இருந்தார். கஃபீலின் ஒட்டகங்களைப் பார்த்துக்கொண்ட கிழவர். எங்கள் வீட்டில் ஒட்டகக்காரர் என்றுதான் பெயர். அவருடைய பிக்கப் முன்னால் போகும், எங்களுடையது பின்னால். ஓரிடத்தில் நிறுத்துவார். இறங்குவார். ஒரு பிடி மண்ணை எடுத்துத் தூவிப் பார்ப்பார். மறுபடி ஏறுவார். அப்படி நாலைந்து இடம் பார்த்த பிறகுதான் கூடாரம். வாசல் காற்றுக்கு முதுகு காட்டவேண்டும். பள்ளத்தில் போடக்கூடாது. யார் எங்கே போனாலும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும், சிறுநீர் கழிக்கப் போனாலும். தூசி எழும்பினால் நின்ற இடத்தில் உட்காரவேண்டும். "நீ உட்கார். நான் வந்து எடுப்பேன்" என்று என்னைப் பார்த்து, உட்கார்ந்தே காட்டுவார். முழங்கால் இரண்டையும் கட்டிக்கொண்டு, தலைத்துணியை முகத்தில் இழுத்துக்கொண்டு. எனக்கு அது விளையாட்டாக இருக்கும். நானும் உட்கார்ந்து காட்டுவேன்.

அவர் உடும்பு பிடிக்கும் முறை வேறு. நுனி வளைந்த கம்பியை வளைக்குள் விட்டு, காதை மண்ணில் வைத்து, ஒரு மணிநேரமானாலும் படுத்துக் கிடப்பார். அப்பாவுக்குப் பொறுக்காது. தண்ணீரை ஊற்றினால் இரண்டு நிமிடத்தில் வெளியே வரும் என்பார். கிழவர் தண்ணீர்க் கேனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வார்.

மூன்றாம் வருடம் அவரைக் கூப்பிடவேண்டாம் என்று முடிவானது எங்கள் வீட்டுச் சோபாவில்.

"அந்தாள் வந்தா நாங்கள் விருந்தாளி. வராட்டித்தான் வேட்டைக்காரர்" என்றார் அப்பா.

"அண்ணைக்குத் தெரியாத காடோ?" என்றார் மாமா.

அம்மா தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துக்கொண்டே, "இஞ்சேரப்பா, அது காடில்லை. அங்க மரமே இல்லை" என்றாள்.

"மரம் இல்லாட்டி இன்னும் வசதி. எல்லாம் வடிவாத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். இப்போது அதை எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வேறெதுவும் வரவில்லை. எழுதிக்கொண்டு போகிறேன், அவ்வளவுதான்.

மேல்மாடிக்காரியே, நீயும் வருவதாகத்தான் இருந்தது. உனக்குக் கூகைக்கட்டு வந்து இரண்டு கன்னமும் வீங்கிவிட்டது. மாமிக்குத் துணையாக என் அம்மாவும் நின்றுவிட்டாள். ஆகவே வியாழன் மதியம் புறப்பட்டது அப்பா, மாமா, நான் மூன்று பேர்தான். உன் அப்பா படியிறங்கும்போது நீ ஜன்னலில் நின்று, தாடையில் கட்டிய துணியோடு கையை ஆட்டினாய். உனக்கு ஒரு குட்டி உடும்பு கொண்டுவருவதாகச் சொல்லி அவரும் ஆட்டினார்.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். வழிகாட்டி இல்லாத அந்த ஒரு நாள் மிக நன்றாக இருந்தது. இடத்தை நாங்களே தேர்ந்தோம். அர்ஃபஜ் செடிகள் முழங்கால் உயரத்துக்கு மஞ்சளாகப் பூத்துக் கிடந்த வெளி. கூடாரத்தை இரண்டு முறை போட்டோம், இரண்டு முறையும் சாய்ந்தது, யாரும் எங்களைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டவில்லை. அப்பா உரத்த குரலில் பாடினார். மாமா மண்ணெண்ணெய் அடுப்பில் கருவாட்டைச் சுட்டார். என்னை யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. நான் எங்கெங்கோ ஓடினேன். அப்பாவை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் இல்லை. வழிகாட்டி வேண்டாம் என்று கைதூக்கிய நாலு பேருக்கும் இது என் பதில். நீங்கள் சொல்வது பொய்யில்லை.

வெள்ளி காலை, வேட்டைக்கு இறங்குமுன் அப்பா மாமாவுக்குப் பாடம் எடுத்தார். நான் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு பிக்கப்பின் பின்கதவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

"வழி தவறினா நிண்ட இடத்தில நிக்கக்கூடாது. மாட்டுத்தடத்தைப் பிடிக்கவேணும். மாடு தண்ணிக்குத்தான் போகும். தண்ணியெண்டா குளம். குளக்கட்டில ஏறினா வயல். வயலுக்கு அங்காலை வீடு."

"இஞ்சை மாடு இல்லையே அண்ணை?"

"ஒட்டகம் இருக்குத்தானே. தாகம் எல்லாத்துக்கும் ஒண்டுதான். போகேக்க கொப்பு முறிச்சு முறிச்சுப் போடவேணும். நுனி போற பக்கம். பின்னால வாறவன் அதைப் பார்த்து வந்து சேருவான்."

மாமா நோட்டை எடுத்துக் குறித்தார். பிறகு ஒரு அர்ஃபஜ் கிளையை ஒடித்து, பூ இருக்கும் பக்கத்தை வெளிப்பக்கம் திருப்பி மண்ணில் வைத்தார்.

"இப்பிடியோ அண்ணை?"

"கெட்டிக்காரன்" என்று அப்பா அவர் முதுகில் தட்டினார்.

ஒட்டகக்காரர் வேறு மாதிரியல்லவா சொன்னார் என்று எனக்குத் தோன்றியது. பத்து வயதுப் பிள்ளை பெரியவர்கள் பேச்சில் வாயைக் கொடுப்பதில்லை. நானும் கொடுக்கவில்லை.

மதியத்துக்குள் இரண்டு உடும்பு பிடித்தோம், தண்ணீர் ஊற்றித்தான். குடிக்கக் கொண்டுபோன ஐந்து நீலக் கேனில் மூன்று வளைக்குள் போயிற்று. மூன்றாவது உடும்பு பெரியது, மாமா பார்த்த உடும்பு. ஆழமான வளைக்குள் போய் இறுக்கிக்கொண்டது. கையிலிருந்த கேன் காலி. கூடாரத்தில் இருக்கும் கேனை எடுத்து வரலாம் என்று அப்பா பிக்கப்பைக் கிளப்பினார். வளையைக் காவல் காக்க மாமா தடியோடு நின்றார். சாக்கை அவரிடம் கொடுத்துவிட்டு நான் அப்பாவோடு ஏறினேன். "கெதியா வாங்கோ, இது என்ர பிள்ளைக்கு" என்றார். மூச்சிழுப்புக்கு அவர் வைத்திருந்த மருந்துக்குழல் கூடாரத்தில் கழற்றிப்போட்ட கம்பளிச் சட்டையில் இருந்தது. அது எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கூடாரத்துக்கு வந்து கேனில் கை வைத்தபோது வடமேற்கில் அடிவானம் பழுப்பாக எழும்பி நின்றது. மூன்று மணி இருக்கும். அப்பா அதை மழைமேகம் என்று நினைத்தார். பத்து நிமிடத்தில் கூடாரம் கழன்று பறந்துவிட்டது. என் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. அப்பா பிக்கப்பைக் கிளப்பப் போனார். நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு, "இருக்கச் சொன்னவர் அப்பா, ஒட்டகக்காரர் இருக்கச் சொன்னவர்" என்று கத்தினேன். அவர் உதறினார். நான் விடவில்லை. கடைசியில் இரண்டு பேரும் வண்டிக்குக் கீழே, சில்லோடு ஒட்டி உட்கார்ந்தோம். கிழவர் காட்டித்தந்தது போலவே முழங்காலைக் கட்டிக்கொண்டு. ஒன்றரை மணிநேரம் உட்கார்ந்தோம். பல்லுக்குள் மண் நறநறத்தது இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பயந்தேனா என்பது ஞாபகம் இல்லை.

தூசி அடங்கியதும் வளைக்குப் போனோம். சாக்கு மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. மாமா இல்லை. அப்பா ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே சுற்றினார். கொஞ்சம் தள்ளி ஒட்டகங்கள் நடந்து நடந்து பள்ளமான ஒற்றைத் தடம் ஒன்று கிழக்கே போனது. அதன் ஓரத்தில், கல்லுக்கடியில் செருகி, ஒரு அர்ஃபஜ் கிளை. பூ கிழக்குப் பக்கம். அப்பா இறங்கி அதைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு கிளை வரைக்கும் போனோம். அதற்குப் பிறகு மண் மூடியிருந்தது, வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. வீதிக்குப் போய் ஆள் கூட்டிவரலாம் என்று அப்பா வண்டியைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு போலீஸ் சாவடி, கஃபீல், கடைசியில் ஒட்டகக்காரர். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்தான் கண்டுபிடித்தார். என்னைத் தனியாக எங்கே விடுவது என்று தெரியாமல் அப்பா கூட்டிப்போயிருந்தார். பிக்கப்பிலேயே இருக்கச் சொன்னார்கள். கண்ணாடியை இறக்கி வைத்திருந்தேன்.

மாமா ஒரு பழைய முகாம் இடத்தில் இருந்தார். ஒட்டகக்காரரின் முகாம்தான் அது. இரண்டு வாரத்துக்கு முன்புவரை அங்கேதான் இருந்தார்களாம். புல் தீர்ந்து போனதும் தெற்கே நகர்ந்துவிட்டார்கள். ஒட்டகங்களுக்குத் தண்ணீர் வைக்கும் இரும்புத் தொட்டி மட்டும் துருப்பிடித்துக் கிடந்தது. அந்தத் தொட்டியில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் மாமா. சப்பாத்துக் கயிறு இரண்டு முடிச்சோடு அப்படியே இருந்தது. தொட்டி காய்ந்து கிடந்தது. உயிர் போனது தாகத்தால் இல்லை, மூச்சிழுப்பால் என்று பிறகு டாக்டர் சொன்னாராம்.

வந்த வழியெல்லாம் கிளைகள் கிடந்தன. ஒட்டகக்காரர் ஏழெட்டைப் பொறுக்கிக் கையில் வைத்திருந்தார். போலீஸ்காரர் அதைப் பார்த்து, தூசியில் புத்தி கலங்கிச் செடியை முறித்து விளையாடியிருக்கிறான் என்றார். கிழவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அப்பாவிடம் வந்து, கிளைகளை நீட்டி, இவரை ஒட்டகத் தடத்தில் போகச் சொன்னது யார் என்று கேட்டார். பள்ளியில் படித்த அரபி எனக்கு அவ்வளவுக்கு விளங்கும்.

அப்பா கிளைகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மாஃபி நஃபர்."

ஒருவரும் இல்லை என்று அர்த்தம். கராஜில் யாராவது ஆளைத் தேடி வந்தால் அப்பா தினமும் சொல்லும் சொல் அது. அதே குரலில் சொன்னார்.

ஃபர்வானியாவில் மாமியின் முன்னால் உட்கார்ந்து, "நான் அங்கயே நில்லுங்கோ எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனனான். டவுன் மனுசன், பதட்டத்தில நடந்திட்டார்" என்றார். வந்தவர்கள் எல்லோரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். டவுன் மனுசன், காடு தெரியாது, புத்தி கலங்கிவிட்டது. வழிகாட்டி இல்லாமல் போயிருக்கக்கூடாது என்றும் சொன்னார்கள். உங்கள் அப்பாமாரும் அம்மாமாரும்தான் அவர்கள். அந்த அறையில் நானும் இருந்தேன். யாரோ கையில் கொடுத்த பிஸ்கட்டைச் சாப்பிட்டேன். நீ என் பக்கத்தில் வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்து, குட்டி உடும்பு பிடித்தார்களா என்று கேட்டாய். இல்லை என்றேன். உன்னிடம் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். ஒரு மாதத்துக்குள் நீயும் மாமியும் ஊருக்குப் போய்விட்டீர்கள்.

அப்பா பிறகு வேட்டைப் பேச்சே எடுக்கவில்லை. காட்டுக் கதையும் நின்றுவிட்டது. கெட்ட மனிதர் இல்லை அவர். பயந்துவிட்டார் என்று இப்போது நினைக்கிறேன். வேலை போகும், விசா போகும், போலீஸ் என்று பயந்திருக்கலாம். அல்லது மாமியின் முகத்துக்குப் பயந்திருக்கலாம். போன மழைக்காலத்தில் கொழும்பில் காலமானார். கடைசி இரண்டு மாதம் நான்தான் பக்கத்தில் இருந்தேன். இரண்டு பேரும் அதைப்பற்றிப் பேசவில்லை. சாம்பலைக் கரைத்துவிட்டு வந்த அன்றும் எனக்கு அழுகை வரவில்லை. பத்து வயதில் எங்கேயோ ஒன்று மரத்துப்போயிற்று, அது மரத்தபடியே இருக்கிறது. இந்தக் கடிதத்தை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பொய் எல்லோர் முன்னாலும் சொல்லப்பட்டது. ஆகவே எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன். என்னோடு பேசமாட்டேன் என்று நீ முடிவெடுத்தால் அதுவும் நியாயம்தான்.

இனி என் வாக்கு. வழிகாட்டி இல்லாமல் போவதில் சுகம் இருக்கிறது, அதை நானே அனுபவித்தேன். ஆனால் எங்கே போகிறீர்கள் என்று அந்த இடம் தெரிந்த ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நாங்கள் ஒட்டகக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், முகாமை மாற்றிவிட்டேன் என்று அவரும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். தண்ணீரை வேறெதற்கும் ஊற்றாதீர்கள். மருந்தைச் சட்டையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இதற்கெல்லாம் சம்மதமென்றால் எது வேண்டுமானாலும் சரி. ஏழு பேரும் சண்டை போடாமல் இருங்கள்.

மேல்மாடிக்காரிக்கு மட்டும் இன்னும் இரண்டு வரி. உன் அப்பா வழி தவறவில்லை. கண் தெரியாத தூசியில், இழுக்கிற மூச்சோடு, தடத்தைப் பிடித்து, பத்தடிக்கு ஒரு கிளை வைத்து, தண்ணீர்த் தொட்டிக்கே போய்ச் சேர்ந்தார். பின்னால் ஆள் வரும் என்று நம்பி உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடமும் நாம் எல்லோரும் அந்த முகாமுக்கு வழிகாட்டி இல்லை என்றே சொல்லிவந்தோம். அது தப்பு. உன் அப்பாவுக்கு ஒரு வழிகாட்டி இருந்தார். அவர் சொன்னதை உன் அப்பா ஒன்று விடாமல் செய்தார். அந்த வழிகாட்டி என் அப்பா.

இதை உன் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டு. அடுத்த முறை நீ எக்ஸிட்டைத் தவறவிட்டால், அது உன்னுடைய கவனக்குறைவு மட்டும்தான்.